வெயில் ஊரில் விற்றமின் டி குறையுமா?



கழுத்து வீங்கினால் அயடீன் குறைவு என்றே பலரும் நினைக்கிறோம். இலங்கையில் 1995 முதல் அயடீன் சேர்த்த உப்பு சட்டப்படி கட்டாயம். ஆனாலும் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் நோய் ஓயவில்லை. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவலே தைரொயிட் சுரப்பியைத் தாக்குவதும் உண்டு. 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்த நோய் அது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. தீராத களைப்பு, உடல் பருத்தல், முடி உதிர்தல், மாதவிடாய்க் குழப்பம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

விற்றமின் டிக்கு இதில் என்ன பங்கு? எலும்புக்கு மட்டுமல்ல, நோய் எதிர்ப்புக் கலங்களுக்கும் அது வேண்டும். அளவு மீறும் தாக்குதலை அடக்குகிற கலங்களுக்கு அது துணை நிற்கிறது. ஹஷிமோட்டோ நோயாளர் பலரிடம் அது குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

வெயில் கொளுத்தும் எங்கள் திருகோணமலையிலும் விற்றமின் டி குறையலாம். காலை எட்டு மணிக்குக் கந்தோருக்குள் போய் மாலையில் வெளியே வருபவருக்கு நடுப்பகல் வெயில் படுவதில்லை. யன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலால் பயனில்லை. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். உடலை மூடி உடுப்பவர்களுக்கும் குறைவு ஏற்படலாம். சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள மீன்கள் ஓரளவு கைகொடுக்கும்.

அப்படியானால் விற்றமின் டி குளிசை நோயைத் தடுக்குமா? அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. தினமும் 2000 அலகு விற்றமின் டி எடுத்தவர்களிடம், உடல் தன்னையே தாக்கும் நோய்கள் ஐந்தாண்டில் 22 வீதம் குறைவாக வந்தன. ஆனால் தைரொயிட்டைத் தனியே பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே குறைவு இருந்தால் நிரப்புவோம். அதையே மருந்தாக நம்ப வேண்டாம். கண்டபடி எடுத்தால் இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

தைரொயிட் சுரப்புக் குறைவுக்கு வைத்தியர் தரும் தைரொக்சின் குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுங்கள். பால் தேத்தண்ணியும் சாப்பாடும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சகோதரிகளே, விற்றமின் டி எடுக்கிறோம் என்று தைரொக்சினை நிறுத்தாதீர்கள். கர்ப்பம் தரித்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். அப்போது தைரொக்சின் அளவைக் கூட்ட வேண்டிவரும். வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சின் இன்றியமையாதது.