மாடு இல்லாதவர் வீட்டில் சாண வாயு எரியுமா?

(விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் வீட்டுப் பெண்கள் வறட்டியையும் முள்ளையும் எரித்துச் சமைக்கிறார்கள். அந்தப் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. வயலுக்குப் போகவேண்டிய உரமும் அடுப்பில் சாம்பலாகிறது. சிலிண்டர் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது உண்மை. அது காலியானதும் அடுத்ததை வாங்கக் கூலி போதாத வீட்டில் மறுபடி விறகுதான்!

இதற்கு ஒரு மாற்று சாண எரிவாயு. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சாணமும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விடவேண்டும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை வெளிவிடுகின்றன. அதில் பாதிக்கு மேல் மீதேன். புகையில்லாமல் நீலமாக எரியும். வெளியே தள்ளப்படும் சேற்றில் தழைச்சத்து தங்கியிருக்கும். வயலுக்கு நல்ல உரம். நெருப்பும் கிடைக்கிறது, உரமும் கிடைக்கிறது.

1960-களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் இரும்புத் தொப்பி மிதக்கும் தொட்டியைப் பரப்பியது. 1981-82-ல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டம் தொடங்கி மானியம் கொடுத்தது. 1984-ல் தீனபந்து என்ற செங்கல் தொட்டி வந்து செலவைக் குறைத்தது. இத்தனைக்குப் பிறகும் நம் தெருவில் ஏன் தொட்டி இல்லை?

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். ஐந்தாறு பேர் குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு 2,000 லிட்டர் வேண்டும். அதற்கு 50 கிலோ சாணம். அதாவது நான்கைந்து மாடுகள். நம்மில் எத்தனை பேருக்கு நான்கு மாடுகள் உண்டு? மாடும் இடமும் உள்ளவருக்கே மானியம் போய்ச் சேரும். நேற்றுவரை நாம் சும்மா பொறுக்கிய சாணமும் அவர் தொட்டிக்குப் போய்விடும். நமக்கு மிஞ்சுவது என்ன? கூடையைத் தூக்கும் கூலிதான்!

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம், குனிகல் தாலுகாவில் பூரா என்று ஒரு சிற்றூர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அமுல்யா ரெட்டி குழுவினர் அங்கே ஊர்ப் பொதுத் தொட்டி கட்டினார்கள். முதலில் எல்லா வீட்டுச் சமையலுக்கும் வாயு தர முயன்றார்கள். ஊரிலுள்ள சாணம் போதவில்லை, முயற்சி தோற்றது. ஆனால் அவர்கள் கைவிட்டு ஓடவில்லை. மக்களுக்கு முதல் தேவை எது என்று பார்த்தார்கள். குடிதண்ணீர்! 1987-ல் அந்த வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். விளக்கும் எரிந்தது. கொண்டுவந்த சாணத்தை நிறுத்து, எடைக்குத் தக்கபடி காசு கொடுத்தார்கள். சேற்றையும் உரமாகத் திருப்பித் தந்தார்கள். எஞ்சினை ஓட்டியவர்கள் அந்த ஊர் இளைஞர்களே.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கோரிக்கை எழுதுமுன் ஊர் மாடுகளை எண்ணவேண்டும். சாணம் குறைவாக இருந்தால் எல்லார் அடுப்புக்கும் வாயு வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நாமும் கொடுக்கக் கூடாது. பஞ்சாயத்தின் பொதுத் தொட்டி வேண்டும் என்று கேட்போம். தராசும் கணக்குப் புத்தகமும் எல்லார் கண்முன்னும் இருக்கட்டும். எஞ்சின் பழகிய ஆலைத் தோழர்கள் ஊருக்கு வரும்போது நம் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. தொட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கச் சொல்லி நம்மைத்தான் கூப்பிடுவார்கள். இறங்காதீர்கள்! அங்கே மூச்சுக்குக் காற்று இல்லை, விஷவாயு உண்டு. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவார். அதற்குரிய கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வரட்டும்.

தனித் தொட்டி மாட்டைக் கேட்கிறது. தெருக்குழாய்த் தண்ணீர், மாடு உள்ளவரா இல்லாதவரா என்று கேட்பதில்லை. ஆகவே பொதுத் தொட்டியைக் கேட்போம். நாளைக் காலையே மாடுகளை எண்ணத் தொடங்குவோம்!