படம் எடுப்பதும் படம் காப்பதும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில், உயர்தர மாணவிகளுக்கான தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட பழைய மாணவிகள் என்பதால் எங்கள் இருவரையும் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறபோது எங்களுக்கு ஏன் காசு தரவேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. குறித்த நேரத்தைத் தவறவிடாமல் எடுத்து, எடுத்ததைத் தொலைக்காமல் ஒப்படைப்பதற்காகவே தருகிறார்கள் என்பது எங்கள் பதில்.

தாலி கட்டும் நேரம் ஒருமுறைதான் வரும். ஓமப்புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். ஆகவே முதலில் ஒரு ஸ்ரூடியோவில் ஆறு மாதமாவது உதவியாளராக நில்லுங்கள். லைற் பிடித்து நிற்கும்போதே சடங்குகளின் ஒழுங்கு மனதில் பதியும். ஐயர் அடுத்து என்ன செய்வார் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே நிற்பது என்பதும் தெரியும்.

கடன்பட்டுப் புதுக் கமரா வாங்காதீர்கள். பாவித்த கமரா ஒன்றும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் தொடங்கப் போதும். விலை குறைந்த அந்த லென்ஸ் மங்கிய வெளிச்சத்திலும் கைகொடுக்கும். நடமாடும் ஆட்களை எடுக்கையில் ஷட்டர் வேகம் 1/125 செக்கனுக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். கலியாண வீட்டுக்கு இரண்டாவது கமரா ஒன்றை வாடகைக்காவது கொண்டுபோங்கள். அன்றிரவே படங்களை இரண்டு ஹாட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். அதுவரை மெமரி காட்டை அழிக்கக் கூடாது.

இவ்வளவு கவனம் ஏன்? 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்துச் சனம் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு புறப்பட்டது. எத்தனையோ வீடுகளில் அல்பங்கள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. அம்மம்மாவின் முகத்தைப் படத்தில்கூடப் பார்க்கக் கிடைக்காத பிள்ளைகளுக்குத் தெரியும், ஒரு படத்தின் பெறுமதி.

படத்தோடு பெயரையும் காப்பாற்றுங்கள். ஜூலியா மார்கரெட் கமெரன், 1863இல் மகள் பரிசளித்த கமராவோடு 48 வயதில் தொடங்கியவர். ஆகவே பிந்திவிட்டோமே என்று ஒருவரும் யோசிக்கத் தேவையில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினையும் தெனிசனையும் உலகம் பெயரோடு அறியும். இலங்கையில் அவர் எடுத்த உழைக்கும் மக்கள் பலரின் பெயர் இன்று தெரியாது. எங்கள் பழைய பாடசாலைச் சஞ்சிகைகளைப் பாருங்கள். "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று யாரோ ஓர் ஆசிரியை எழுதிவைத்தபடியால்தான் அந்தப் பிள்ளைகள் யாரென்று சொல்ல முடிகிறது. பெயர், திகதி, இடம் மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

இனிக் காசுக் கதை. கலியாணம் ஒரு நாள், அதன் படங்களைத் தெரிந்து திருத்துவது பல நாள். அந்த நாட்களின் கூலி, உதவியாளர் சம்பளம், அல்பம் அச்சிடும் செலவு, கமராவின் தேய்மானம் எல்லாம் விலையில் சேரவேண்டும். விடியப்புற முகூர்த்தத்துக்குப் போகவும் இரவில் பத்திரமாகத் திரும்பவும் வாகனச் செலவைக் கட்டாயம் சேருங்கள். சொந்தக்காரருக்குக் கழிவு கொடுக்கலாம்; பில்லில் முழுத் தொகையையும் எழுதி, அதன்கீழ் கழிவைக் காட்டுங்கள். எத்தனை படம், எப்போது கையளிப்பு, முற்பணம் எவ்வளவு, படங்களை வேறெங்கும் பாவிக்கலாமா என்பவற்றை எழுத்தில் வைத்துக் கையொப்பம் வாங்குங்கள். பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரையும் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. சாமத்திய வீடுகளில், பெண் என்பதால் உங்களை உள்ளறை வரை விடுவார்கள். அந்தப் படங்களை விளம்பரத்துக்காக முகநூலில் போடத் தாய் தகப்பன் சம்மதித்தாலும், பிள்ளையைத் தனியே கேளுங்கள். அவள் தயங்கினால் அதையே மறுமொழியாக எடுங்கள். வெட்கம் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், படம் போகாது. நாளைக்கு அவளும் இதே வாங்குகளில் வந்து இருக்கப்போகிற பிள்ளை. அவள் முகத்தைக் காப்பதும் உங்கள் தொழிலில் அடக்கம்.

எங்கள் ஸ்ரூடியோவில் உதவியாளராக நின்று பழக விரும்பும் தங்கைமார், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயரைத் தாருங்கள்.