தேனீயின் பங்கை விட்டுவைப்போம்

(வல்வெட்டித்துறையில் கமக்காரர், அலுவலர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போத்தல் தேனைக் கண்டு ஐயுறும் மக்கள், தேன்வதையைக் கண்டால் நம்புகின்றனர். அதில் நியாயம் உண்டு. தேனீயே மெழுகால் மூடிய அறைக்குள் வியாபாரியின் கை நுழைவதில்லை. ஆனால், அவ்வதை எவ்வாறு வந்தது என்று கேட்பாரைக் காணோம். பொந்திலே தீப்பந்தம் காட்டி, குஞ்சுள்ள வதையையும் சேர்த்துப் பிழிந்தால் கிடைப்பது ஒருநாள் தேன். அழிவது ஒரு குடி.

ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ தேனை உண்ணவேண்டும் என்பர். ஆகவே வதையோடு எடுப்பது, நெல்லோடு களஞ்சியத்தையும் பெயர்த்தெடுப்பதை ஒக்கும். சுழற்பொறியிலே தேனைப் பிரித்தால் வெறும் வதையைத் திருப்பிக் கொடுக்கலாம். வதையாகவே விற்போர் அளவறிந்து எடுத்தல் கடன்.

வழி யாது? திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1910களில் நம் நாட்டுத் தேனீக்கென அமைத்த பெட்டியில் கீழறை குஞ்சுக்கு, மேலறை தேனுக்கு. கீழறையைத் தொடாதீர்கள். மேலறையிலே மூடி முற்றிய வதைகளை மாத்திரம் பூக்காலத்தில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேண்டிய தேனை விட்டுவையுங்கள். பசி வந்தால் நம் தேனீ கூட்டையே துறந்து போய்விடும். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணியைக் கட்டிய ஊர் இது. இவ்வூர்த் தச்சருக்கு ஒரு தேனீப் பெட்டி பெரிதா?

கமக்காரர்களே! பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இடையே மகரந்தம் சுமப்பவை தேனீ முதலிய பூச்சிகளே. காலையிலே பூ விரிந்திருக்கையில் நஞ்சைத் தெளித்துவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று விதையை நோவதால் பயன் யாது? நஞ்சு தவிர்க்க முடியாததாயின், தேனீ கூடடைந்த மாலையிலே தெளியுங்கள்.

உத்தியோகத்தரே! குடியை அழிக்காது எடுத்த தேனுக்கு இரண்டு ரூபா கூடக் கொடுக்கத் தயங்காதீர்கள். மலிவான தேனின் மீதி விலையைத் தோட்டம் கொடுக்கிறது.

உழைப்பவனுடைய பங்கு முழுவதையும் பறிப்பது அநீதி என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த நீதியை நம் வேலியோரத்துப் பொந்திலிருந்தே தொடங்குவோமாக.