சட்டம் படிக்கும் பிள்ளைகளை நம் மலைக்கு அழைப்போம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று சட்டம் பற்றிப் பேசப் போகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு மருந்தால் தீராத பல துன்பங்கள் உண்டு. அவற்றில் சில ஒரு மனுவால் தீரக்கூடியவை.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. அரச வேலைகளில் நூற்றுக்கு 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்திற்கு மனுச் செய்யலாம். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிசெய்தது.

இந்த ஒழுங்குவிதிகளுக்கு உயிர் கொடுத்தவர் கலாநிதி அஜித் பெரேரா. அவர் சட்டத்தரணி அல்லர், இரசாயனவியலாளர். கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். 1992இல் அவர் சென்ற காரின்மீது மரம் விழுந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலிதான். அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளின்படியே அமைய வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரு மனிதரின் விடாமுயற்சி நாடு முழுவதற்கும் பயன்பட்டது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை உண்டு. தொகையாகச் சொன்னால் 16 இலட்சத்துக்கு மேல். அவர்கள் எல்லோரும் அஜித் பெரேரா ஆக முடியாது. நம் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் நிச்சயமாக முடியாது.

என்னிடம் வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். மகளுக்குக் கால்களில் பலம் இல்லை. சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்தவள். உயர்தர வகுப்பு மேல்மாடியில் நடப்பதால் சேர்க்க முடியாது என்று ஒரு பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். "டொக்டர், ஒரு கடிதம் குடுங்க" என்று அந்தத் தாய் கேட்டார். பிள்ளையின் கால்களில் என்ன குறை என்று என்னால் எழுத முடியும், எழுதியும் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோவது, யாரிடம் கொடுப்பது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவர் என்னிடம் வரும்போதே நான்கு மாதங்கள் கடந்திருந்தன.

இந்த நான்கு மாதம் ஏன் முக்கியம்? அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியிலேயே இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையமும் அங்கே உண்டு. ஆனால் ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் எந்தத் தாய் அந்தக் கூலியை இழக்கத் துணிவார்?

சட்டம் படிக்கும் பிள்ளைகள் தேவைப்படுவது இங்கேதான். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக வாதாடும் அமைப்பு ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டப்படி இயங்குகிறது. அவற்றில் பல கோடை விடுமுறையில் சட்ட மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கின்றன. சென்னையில் வித்யாசாகர் என்ற நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப் பிரிவு ஒன்றை நடத்தியது. இந்திய உச்ச நீதிமன்றம் பொது இடங்களின் வசதிகள் பற்றி ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்திடம் அறிக்கை கேட்டுப் பெற்று, 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் கற்பிக்கும் இடத்திலிருந்து நீதிமன்றத்துக்கு இப்படியும் ஒரு பாதை உண்டு.

நமக்குக் கோடை என்று ஒரு பருவம் இல்லை, பல்கலைக்கழக விடுமுறை உண்டு. பேராதனையில் சட்டத்துறை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். ஆறு வாரம் அவர்கள் இங்கே வந்தால் என்ன செய்யலாம்? அளவு நாடாவுடன் தபாலகம், வங்கி, வைத்தியசாலை, வாக்களிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் போய், வாசல் அகலத்தையும் சாய்வுப் பாதையையும் ஒழுங்குவிதியுடன் ஒப்பிட்டு எழுதலாம். ஒரு குடும்பத்துடன் உட்கார்ந்து, என்ன நடந்தது, எந்தத் திகதியில், யார் சொன்னது என்று வரிசையாகக் குறிக்கலாம். சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் விளக்கலாம். ஹங்குராங்கெத்த பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்திக்கத் துணையாகப் போகலாம். நீதிமன்றத்தில் தோன்ற மாணவருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒழுங்கான கோவை கையில் இருந்தால் சட்டத்தரணியின் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஒரு கவலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு வாரம் முடிந்ததும் மாணவர் போய்விடுவார். நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பாதியில் போவது, வராமலே இருப்பதைவிடக் கொடுமை. ஆகவே கோவைகளைப் பொறுப்பேற்று, மாதந்தோறும் பின்தொடர இங்கேயே ஒருவர் வேண்டும். வருகிற மாணவர் நோயாளரின் இரகசியம் காக்கவும் பழக வேண்டும். அந்த வீட்டாரின் சம்மதமின்றிப் படம் எடுக்கவோ மருத்துவ அறிக்கையைப் பிறருக்குக் காட்டவோ கூடாது.

ஆதலால் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஆண்டுதோறும் இரண்டு சட்ட மாணவருக்குத் தங்குமிடமும் போக்குவரத்துச் செலவும் கொடுப்போம். அவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு, ஓய்வுபெற்ற நம் ஆசிரியைகளில் ஒருவர் கோவைகளின் பொறுப்பை ஏற்கட்டும். மூன்று, சட்டத்தரணிகளாக இருக்கும் பழைய மாணவியர் எங்கே இருந்தாலும் பெயரைத் தாருங்கள். இலண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பேணிலும் சட்டம் படிக்கும் உங்கள் பிள்ளைகளையும் ஒரு விடுமுறைக்கு அனுப்புங்கள். அம்மா படித்த ஊரை அவர்களும் பார்க்கட்டும்.

நூற்றாண்டு நினைவாக என்ன கட்டலாம் என்று குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். எதைக் கட்டினாலும் அதன் வாசலில் ஒரு சாய்வுப் பாதை இருக்கட்டும். அதன் சரிவு ஒழுங்குவிதிப்படி இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே நாம் அழைக்கும் முதல் மாணவரின் முதல் வேலையாக இருக்கட்டும்.