பண்பாடு ரத்தத்தில் ஓடுகிறதா?

(மங்கலம்பேட்டையில் பீங்கான் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

மானிடவியல், பண்பாட்டுத் தத்துவம் இதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நம் வட்டாரத்துக்காரர் ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட சமாசாரம் இது.

1871-ம் வருஷம் இங்கிலாந்தில் எட்வர்ட் டைலர் என்பவர் ஆதிகாலப் பண்பாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று சமுதாயத்தில் வாழ்ந்து மனிதன் கற்றுக்கொள்வது எல்லாம் சேர்ந்ததே பண்பாடு என்றார். கற்றுக்கொள்வது! கவனியுங்கள். சூளையின் சூட்டுப் பக்குவம் தெரிந்து எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. நாற்று நடத் தெரிந்தும் பிறப்பதில்லை.

இவ்வளவு நல்ல விஷயத்தைச் சொன்னவர் கூடவே ஓர் ஏணியையும் வைத்தார். காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை. உச்சிப் படியில் யார்? ஐரோப்பியர்தான், வேறு யார்! அமெரிக்காவில் மார்கனும் 1877-ல் இதே மூன்று படிகளைச் சொன்னார். ஆனால் அவர் பிழைப்புக் கருவியும் சொத்தும் மாறும்போது குடும்பமும் மாறுவதைப் பார்த்தார். அதை வைத்தே எங்கெல்ஸ் 1884-ல் தம் நூலை எழுதினார். எல்லாச் சமுதாயங்களும் ஒரே வரிசையில் படியேறவில்லை என்பது பின்னால் தெளிவாயிற்று.

ஏணி ஆளுகிறவனுக்கு வசதி. அதே 1871-ல் பிரிட்டிஷ் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. திருட்டு பிறவிக் குணமாம்! 1911-ல் அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. குறவர்களும் பிறமலைக் கள்ளர்களும் கைரேகை வைத்து, போலீஸ் கண்காணிப்பில் வாழ வேண்டியதாயிற்று. எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டார்கள், பலர் மாண்டார்கள்.

விஞ்ஞானம் என்ற பெயரில் மூக்கையும் அளந்தார்கள், தோழர்களே! 1901 ஜனத்தொகைக் கணக்கின் கமிஷனர் ரிஸ்லி, மூக்கு அகலமானால் ஜாதி தாழ்வு என்றார். சென்னை மியூசியத்தின் தர்ஸ்டனும் தலையையும் மூக்கையும் அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. தென்னாட்டில் மூக்கின் அளவும் ஜாதி வரிசையும் ஒத்துப்போகவில்லை என்று 1932-ல் குர்யே காட்டினார். மூக்குக்கே தெரியாத ஜாதி!

அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ், குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 18 ஆயிரம் பேரை அளந்தார். அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை வடிவமே பெற்றோருடையதிலிருந்து மாறியிருந்ததை 1911-ல் வெளியிட்டார். மண்டை ஓடே வாழும் இடத்துக்குத் தக்கபடி மாறும்போது, திருட்டு மட்டும் ரத்தத்தில் ஊறியதா?

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னையில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் ரத்தாயிற்று. ஆனால் 1993-ல், இதே விருத்தாசலம் பக்கத்து முதனையில், நகை திருட்டுப் புகார் ஒன்றுக்காகப் போலீஸார் குறவர் வீட்டைத்தான் தேடிப் போனார்கள். ராஜாகண்ணு காவலில் மாண்டார். அவர் மனைவி பார்வதி கோர்ட்டுக்குப் போனார். போலீஸ்காரர்களுக்குத் தண்டனை அளித்த சென்னை ஐகோர்ட்டுத் தீர்ப்பு வந்தது 2006-ல், பதின்மூன்று வருஷம் கழித்து.