களரியும் மேடையும்

'இராவணேசன்' மீண்டும் மேடையேறுமாயின், சம்பூரிலிருந்து மட்டக்களப்புவரை சென்று பார்த்தல் தகுமா? விடியுமளவும் வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து கூத்துப் பார்த்த முதியோர்க்கு இவ்வையம் எழுதல் இயல்பே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் இந்த வடமோடிக் கூத்தைத் தயாரித்தபோது, அதனை ஒருபுறம் மாத்திரம் திறந்த மேடைக்கேற்பச் சுருக்கினார். அன்று இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பிற்காலத்தில் மாணவரைக்கொண்டு அதனைப் புதுக்கி அளித்தார்.

களரியின் நெருக்கம் போயிற்று. அது சிறிய இழப்பன்று. ஆயினும், போருக்குச் செல்லும் இராவணனின் உள்ளப் போராட்டம் துலங்கிற்று. ஒளியையும் உடையையும் கொண்டு மதிப்பிட வேண்டா. மத்தளத்தின் சொற்கட்டுக்குக் கால் மறுமொழி சொல்கின்றதா என்பதே உரைகல். சொல்லுமாயின் பஸ் கூலி வீணன்று. 2006இல் ஊர் பெயர்ந்து, ஏறத்தாழ ஒன்பதாண்டு அயலிடங்களில் வாழ்ந்த சம்பூராரின் பிள்ளைகளுள் பலர் வட்டக்களரியைக் கண்டிருக்கமாட்டார். அவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம்.