சங்கிலி வேண்டாம், வாத்தியார் வேண்டும்!

(பெரியபட்டினத்தில் உழைப்பாளி மக்களிடையே ஆற்றிய உரை)



கூலி உயர்வு, கண்மாய் மராமத்து, மீன் விலை என்று பேசிப் பழகிய மேடையில் இன்று குழந்தைகளைப் பற்றிப் பேச நிற்கிறோம். இதுவும் நம் கோரிக்கைதான் என்பது போகப்போகத் தெரியும்.

மூன்று வயதுக் குழந்தை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. காது கேட்கவில்லையோ என்று நினைத்தால், அடுத்த தெருவில் ஐஸ்காரன் மணியடித்ததும் வாசலுக்கு ஓடும். வேண்டிய பண்டத்தை விரல் நீட்டிக் காட்டாது. தாயின் கையை இழுத்துக்கொண்டு போய் அதன் மேல் வைக்கும். சிப்பிகளை வரிசையாக அடுக்கும். ஒன்றைக் கலைத்துவிட்டால் தெருவே கூடும்படி அலறும். பேசிக்கொண்டிருந்த நாலு சொல்லும் ஒரு நாள் நின்றுபோகும். இப்படி ஒரு பிள்ளையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். உலகத்தில் நூறு, நூற்றிருபது பேருக்கு ஒருவர் வீதம் இப்படிப் பிறக்கிறார்கள். பணக்காரன் வீட்டிலும் பிறக்கிறார்கள், கரிமூட்டம் போடுகிறவன் குடிசையிலும் பிறக்கிறார்கள். சர்க்கார் காகிதங்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதுகிறார்கள். ஐஸ்காரன் மணி கேட்டு ஓடுகிற பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்! சிந்தனை இருக்கிறது; அது வெளிவரும் வழி வேறு. அந்தத் தமிழுக்கு ஆட்டிசம் என்கிற அந்நியச் சொல்லே மேல்.

நம் கரையில் இப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்தோம்? "சைத்தான் பிடித்தது" என்றோம், "செய்வினை" என்றோம், "பைத்தியம்" என்று முடித்தோம். ஆட்டிசம் பைத்தியமல்ல, ஆனால் ஊரார் வாயில் எல்லாம் ஒன்றுதான். கீழக்கரையைத் தாண்டி மேற்கே போனால் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் என்று கொண்டுவந்து சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டவர்களில் 28 பேர் மாண்டார்கள். கால் இருந்தது, வாசலும் இருந்தது, ஓட முடியவில்லை. அவர்களில் பலர் வீட்டாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஈவிரக்கமில்லாமல் விட்டார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பக்கத்தில் வைத்தியர் இல்லை, கையில் காசு இல்லை, வேலைக்குப் போனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தர்காவுக்குப் போய் துவா கேட்கிற நம்பிக்கையை நாம் பழிக்கவுமில்லை. துவா கேட்கட்டும், பூட்டுப் போடுவதைத்தான் எதிர்க்கிறோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளி எவரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்திருக்கிறது.

பழி எப்போதும் தாய் தலையில்தான் விழுகிறது. உம்மாவானாலும் ஆத்தாவானாலும், "நீ சரியாக வளர்க்கவில்லை, செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாய்" என்பார்கள். இது நம் ஊர்ப் பாட்டிகளின் பேச்சு மட்டுமல்ல. அமெரிக்காவில் பெத்தல்ஹைம் என்ற பேராசிரியர், பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று 1967-ல் புத்தகமே எழுதினார். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள். அது பச்சைப் பொய் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. கருவிலிருந்தே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பரம்பரைக் கூறுக்குப் பெரும்பங்கு உண்டு. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-ல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் கிளப்பிய புரளியும் பொய்யானது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதை வாபஸ் வாங்கியது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள்.

இந்தப் பிள்ளைகளை முதலில் கவனித்து எழுதியவர் அமெரிக்காவின் கானர், ஆண்டு 1943, என்று பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1925-ல், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் டாக்டர் ஆறு சிறுவர்களைக் கவனித்து எழுதிவிட்டார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் கடந்து வந்த சோவியத் நாடு, குழந்தைகளுக்கு மருத்துவப் பள்ளி நடத்திய காலம் அது. அங்கே அவர்களுக்கு உடற்பயிற்சி, ஓவியம், தச்சு வேலை எல்லாம் கற்பித்தார்கள். பூட்டிவைக்காமல் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். அதைச் சொல்வதில் நமக்குப் பெருமை உண்டு.

சரி, இன்று எது பயன் தருகிறது? அதை எப்படி அறிவது? புது விதை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைக்காரன் சொன்னான் என்று முழு வயலிலும் விதைப்பீர்களா? ஒரே கண்மாய்த் தண்ணீரில், ஒரே மண்ணில், பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பழையதையும் புதியதையும் போட்டு, அறுத்து, மரக்கால் வைத்து அளப்பீர்கள். ஆதாரம் என்பது அதுதான்.

அப்படி ஒரு சோதனையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சேர்ந்து செய்தார்கள். (எல்லையில் துப்பாக்கி நீட்டி நிற்கிற இரண்டு தேசங்கள், பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றாக உட்கார்ந்தார்கள்!) 65 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பிரிவில், பெரிய டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் வீட்டுக்கே வந்தார். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்துத் தாய்க்கே போட்டுக் காட்டினார். "இங்கே பாருங்கள், பிள்ளை உங்களைப் பார்த்தது. அவசரப்படாமல் காத்திருந்து பதில் சொல்லுங்கள்" என்றார். ஆறு மாதத்தில் 12 தடவை. 2016-ல் முடிவு வந்தது. பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசத் தாய்மார்கள் கற்றார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து பேச்சையும் சைகையையும் தொடங்குவது கூடியது. தாயும் பிள்ளையும் ஒரே பொருளில் கவனம் வைப்பது மட்டும் கூடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். தோற்றதையும் எழுதுகிறவன் பேச்சை நம்பலாம்.

பள்ளிக்கூடத்திலும் வழிகள் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைக்குப் பெரும் பயம். ஆகவே குளிப்பது, சாப்பிடுவது, பள்ளிக்குப் போவது என்று படம் வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். பேச்சு வராவிட்டால் தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கொடுத்துத் தண்ணீர் கேட்கப் பழக்குங்கள். படத்தைப் பழக்கினால் பேச்சு வராது என்பது வீண் பயம். ஒரு வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். சத்தம் தாங்காத பிள்ளையை ஒலிபெருக்கி அடியில் உட்காரவைக்காதீர்கள். நம்முடையது கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்பிள்ளைகள் பலருக்கு நீர் மேல் தீராத மோகம், சொல்லாமல் நடந்துவிடுவார்கள். விபத்தில் இவர்கள் சாவதற்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது. சீக்கிரமே நீச்சல் பழக்குங்கள், அண்டை அயலாரிடம் சொல்லிவையுங்கள்.

பிள்ளையை அடியோடு மாற்றிவிடுகிற மருந்து எதுவும் கிடையாது. வலிப்புக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உண்டு. அதை டாக்டர் தருவார். "குணமாக்கிக் காட்டுகிறோம்" என்று ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கறக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு இது பரிந்துரைக்கத் தக்கதல்ல, எழுதிக் கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று மருந்தேற்றி, 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரே போயிற்று. இவர்களுக்காக வீட்டு மனையை அடகு வைக்காதீர்கள்.

இதெல்லாம் சரி, நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடியற்காலையில் கடல்பாசி எடுக்கப் போகிறவளுக்கு, ஷிப்டு முடிந்து பஸ் பிடித்து வருகிறவனுக்கு, பிள்ளையோடு அவசரப்படாமல் விளையாட நேரம் எங்கே? பட்டணத்தில் வசதியுள்ளவன் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பயிற்சி வாங்கிக்கொள்கிறான். நமக்கு அந்த நேரத்தைத் தர வேண்டியது சர்க்கார்.

சட்டம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதைச் சேர்த்தது. நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியில் இலவசக் கல்வி உரிமை உண்டு. "இவனை வைத்துக்கொள்ள முடியாது" என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி செல்லாது. ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்பில் பதினைந்துக்கு ஒருவர் என்று மத்திய சர்க்கார் 2022-ல் கணக்கே அறிவித்தது. பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி சுப்ரீம் கோர்ட் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது.

ஆனால் அந்த ஆசிரியர்களின் கதி என்ன? நிரந்தரமில்லாத வேலை, தொகுப்பூதியம். பல பள்ளிகளுக்கு ஒருவர். இன்று இங்கே வந்தவர் மறுபடி எப்போது வருவாரோ! அவர்களுக்குச் சம்பளம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து. அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயைத்தான் டில்லி சர்க்கார், தன் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்று நிறுத்திவைத்தது. கூலியை நிறுத்திப் பணியவைக்கிற பண்ணையார் தந்திரம் நமக்குப் புதிதல்ல. அதே சமயம், மாநில சர்க்காரும் டில்லியைக் காட்டித் தப்பித்துக்கொள்ள விடமாட்டோம். கோர்ட் சொன்னது நிரந்தர நியமனம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லி நிறுத்துகிறோம். சந்தேகம் வந்த வீட்டார், "வளர்ந்தால் சரியாகும்" என்று ஆண்டுகளைக் கழிக்காமல், அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காதைச் சோதித்து, வளர்ச்சியைப் பார்த்து, சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்க வேண்டும். பஸ் கட்டணத்துக்கும் அன்றைய கூலிக்கும் வழியில்லாதவர்களுக்குச் சங்கத் தோழர்கள் துணை போக வேண்டும். இரண்டாவது, தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள். பிள்ளையின் வயது, எந்தப் பள்ளி, சேர்த்தார்களா, திருப்பி அனுப்பினார்களா, சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற வீட்டுக்குத் தாய்மார்களே போய்ப் பேசுங்கள். கணக்கு முடிந்ததும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்போம். அங்கே கூட்டமும் சத்தமும் அதிகமிருக்கும். பிள்ளைகள் உட்கார நிழலான ஓரிடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குகிற வேலையை வாலிபத் தோழர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.